எட்டு நாள் கணக்கு

அந்தப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவரைப் பிள்ளைகள் ஃபார்முலா டீச்சர் என்றுதான் சொல்வார்கள். காதுபடவே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. கரும்பலகையின் இடது மூலையில் தொடங்கினால் வலது மூலையில் விடை வந்த பிறகுதான் சாக்பீஸைக் கீழே வைப்பார். நடுவில் ஒரு கழித்தல் குறிகூடப் பிசகாது. பதினாறு வருடத்தில் அவரிடம் படித்த யாரும் இயற்பியலில் தோற்றதில்லை.

நவீன இயற்பியல் பாடநூலின் கடைசி இரண்டு அலகுகள். ஆண்டின் கடைசியில், எல்லோருக்கும் மூச்சு வாங்கும் நேரத்தில் வரும். அணுக்கரு, கதிரியக்கம், அணுக்களில் பாதி சிதைய ஆகும் அரை ஆயுட்காலம் எல்லாவற்றையும் மூன்றே வாரத்தில் முடித்துவிடுவார். "இது அப்படியே வரும், அப்படியே எழுதுங்க" என்பார். பிள்ளைகளும் அப்படியே எழுதினார்கள். மார்க்கும் அப்படியே வந்தது.

அந்த வகுப்பில் ஒருத்திக்குக் கொக்கி என்று பட்டப்பெயர். அப்பா தையல்காரர், ரவிக்கைக்குக் கொக்கி தைத்துத் தருகிற வேலை மாலை நேரத்தில் அவளுடையது. அதனால் வந்த பெயர் பாதி. மீதிப் பாதி, எதைச் சொன்னாலும் அதில் ஒரு கேள்வியை மாட்டி இழுப்பாள் என்பதால் வந்தது. ஒருநாள் மணி அடித்த பிறகு, நடைபாதையில் டீச்சர் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"டீச்சர், அயோடின் நூத்தி முப்பத்தொண்ணுக்கு அரை ஆயுள் எட்டு நாள்தானே?"

"எட்டு நாள்தான். புத்தகத்துலயே இருக்கே."

"எங்கம்மாவுக்கு அதான் குடுத்தாங்க. தைராய்டுல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறம் இந்த மருந்தைக் குடிக்கவெச்சு, மூணு நாள் ஆஸ்பத்திரியில தனி ரூம்ல இருந்தாங்க. வீட்டுக்கு வந்து பதினாலு நாள் குழந்தையைத் தூக்கக்கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. ரெண்டும் சேர்த்தா பதினேழு நாள். ஆனா பதினாறு நாள்ல ரெண்டு அரை ஆயுள்தானே ஆகுது? கால் பங்கு உள்ளயே இருக்குமே டீச்சர். பேப்பர் சரியா, ஃபார்முலா சரியா?"

டீச்சர் கையில் நாற்பது விடைத்தாள். அடுத்த வகுப்புக்கு ஏற்கெனவே தாமதம். கேள்வி சரியான கேள்வி, கணக்கும் சரி. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஃபார்முலா பொய் சொல்லாதும்மா. பத்து அரை ஆயுள் போனா ஆயிரத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். எண்பது நாள்னு வெச்சுக்கோ, பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். மொத்தம் அரை நிமிடம். ஏறி முடிக்கும்போதே அதை மறந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, இடைவேளையில், ஆசிரியர் அறை வாசலில் ஒருவர் நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்றி வைக்க மறந்து அப்படியே வந்திருக்கிறார். கொக்கியின் அப்பா என்று சொன்னார்.

"ஒரே ஒரு சந்தேகம் டீச்சர். எண்பது நாள்னு சொன்னீங்களாமே. அது மருந்து குடிச்ச நாள்லேருந்தா, வீட்டுக்கு வந்த நாள்லேருந்தா?"

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். மனைவி மாடி அறையில் தனியாக இருக்கிறாள். ஆஸ்பத்திரி சொன்ன பதினாலு நாள் முடிந்து ஐந்து நாளாகிறது. தன் அக்காதான் சாப்பாட்டை வாசலில் வைக்கிறாள், பாத்திரத்தைத் தனியாகக் கழுவுகிறாள். இரண்டு வயதுக் குழந்தை படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து மேலே பார்த்து அழுகிறது. "அதெல்லாம் பரவால்ல டீச்சர், நல்லதுக்குத்தானே. மூணு நாள் முன்ன பின்னன்னா அவகிட்ட சொல்லணும். எண்ணிக்கிட்டே இருக்கா."

"உங்களுக்கு நாளைக்குச் சொல்றேன்" என்றார் டீச்சர். சூத்திரத்தை எழுதிப் பார்த்தார். பிசகே இல்லை. அப்படியானால் ஆஸ்பத்திரி ஏன் பதினாலு என்றது? கால் பங்கு கதிரியக்கத்தை உடம்பில் வைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கலாம் என்று சொல்ல அவர்களுக்குப் பைத்தியமா? இந்தக் கேள்வி அந்த நடைபாதையிலேயே தனக்கு வந்திருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. வரவில்லை. பதினாறு வருடமாக ஒருநாளும் வரவில்லை.

மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கதிரியக்க மருத்துவப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. கனமான கதவு, மஞ்சள் எச்சரிக்கைப் பலகை, சுவரோரம் நான்கு நாற்காலி. ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு, சட்டைப்பையில் கதிர்வீச்சு அளக்கும் சிறு வில்லை செருகிய ஒரு பெண் வெளியே வந்தார். அந்தப் பிரிவின் இயற்பியலாளர். ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ் தவிர இயற்பியல் படித்தவர் ஒருவர் இதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு இருப்பார் என்பதே டீச்சருக்கு அன்றுதான் தெரியும்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"எண்பது நாள்னு எந்த மகானுபாவர் சொன்னார்?"

"நான்தான்."

இயற்பியலாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எட்டு நாள்ங்கறது அணுவோட கணக்கு டீச்சர். பாட்டில்ல மூடி வெச்சா எட்டு நாள். உடம்பு என்ன மூடி போட்ட பாட்டிலா? அயோடினைப் பிடிச்சு வெச்சுக்கறது தைராய்டு. அதைத்தான் ஆபரேஷன்ல எடுத்தாச்சே. அங்கங்க ஒட்டியிருக்கற துணுக்குல கொஞ்சம் தங்கும். அதை அழிக்கத்தான் மருந்தே. மத்ததெல்லாம் ரெண்டு மூணு நாள்ல சிறுநீர்ல போயிடும். அதுக்குத்தான் இங்க தனி ரூம். நாங்க மீட்டர் வெச்சு அளந்து, இவ்வளவுக்குக் கீழ இறங்கினாத்தான் வெளிய விடுவோம். அதுக்கும் மேல பதினாலு நாள் ஜாக்கிரதை. நீங்க எல்லாத்தையும் சரியாப் போட்டு, பாத்ரூமை மட்டும் விட்டுட்டீங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தப் பேப்பர்ல இதைப் போட்டிருக்கலாமே" என்றார்.

"எந்தப் பேப்பர்ல?"

"நீங்க வீட்டுக்குக் குடுத்துவிடறது. இதைச் செய், இதைச் செய்யாதேன்னு பதினேழு வரி இருக்காம். ஏன்னு ஒரு வரி இல்ல."

"அது எனக்கு முன்னாடி யாரோ எழுதினது" என்றார் இயற்பியலாளர், இந்த முறை கொஞ்சம் தணிந்த குரலில். கோப்பைப் புரட்டி அந்த அம்மாவின் கடைசி அளவைப் பார்த்தார். பதினாலு நாள் போதும், இனி எந்தத் தடையும் இல்லை என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டீச்சர் தையல்காரர் வீட்டில் இருந்தார். கீழே கடை, பின்னால் சமையலறை, மேலே ஒரே அறை. சீட்டைக் காட்டி, தான் சொன்னது தப்பு என்று ஒளிக்காமல் சொன்னார். தையல்காரர் முகம் மலர்ந்தது. ஆனால் அவருடைய அக்கா, கொக்கியின் அத்தை, குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு படிக்கட்டை மறித்து நின்றார்.

"டீச்சரம்மா, நான் படிக்காதவ. தப்பா நினைக்காதீங்க. ஆஸ்பத்திரி பதினாலுன்னுச்சு. நீங்க எண்பதுன்னீங்க. இப்ப ஒண்ணுமே வேணாம்ங்கறீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து நூறுன்னா நான் யாரைக் கேக்கறது? கண்ணுக்குத் தெரியாத விஷயம். புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா காயிதமா வந்து பதில் சொல்லும்?"

"இப்ப சொல்றதுதான் சரி. நானே நேர்ல போய்க் கேட்டுட்டு வந்தேன்."

"அன்னிக்கும் சரின்னுதானே சொன்னீங்க."

மாடிக் கதவு லேசாகத் திறந்தது. உள்ளே இருந்தவள் வெளியே வரவில்லை. "விடுங்க டீச்சர்" என்ற குரல் மட்டும் வந்தது. "அண்ணி சொல்றது நியாயம்தான். எனக்கே பயமாத்தான் இருக்கு. இன்னும் அம்பத்தெட்டு நாள். சுவத்துல கோடு போட்டு வெச்சிருக்கேன். இருந்துக்கறேன்."

அன்று வீட்டில் டீச்சர் தட்டைத் தொடவில்லை. அவர் கணவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தப்பு பண்ணா திருத்து. சாப்பாடு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். டீச்சர் இரண்டு வாய் சாப்பிட்டார். சாப்பிடும்போதுதான் ஒன்று தெளிவாயிற்று. அந்த அத்தை கேட்டது அடம் இல்லை. தான் சொன்னதை நம்பச் சொன்னோமே தவிர, புரியவைக்கவில்லை. பதினாறு வருடமாக நாற்பது நாற்பது பிள்ளைகளிடம் செய்ததும் அதுதான். அவர்கள் நம்பி எழுதினார்கள். இந்த அம்மாள் நம்ப மறுத்துவிட்டார். வித்தியாசம் அவ்வளவே.

மறுநாள் வகுப்பில் நுழைந்ததும் சாக்பீஸை எடுக்காமல் மேசையில் சாய்ந்து நின்றார்.

"போன வாரம் ஒரு கேள்விக்குத் தப்பா பதில் சொல்லிட்டேன். ஃபார்முலா சரி. அதைப் போட்ட இடம் தப்பு. அதனால ஒரு வீட்டுல ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்காம உக்காந்திருக்காங்க" என்றார். யார் வீடு என்று சொல்லவில்லை. கொக்கி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவளே எழுந்து, "எங்க வீடுதான்" என்றாள்.

"இதை எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தருக்குப் புரியவெக்கணும். எனக்குத் தெரியல. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கூட்டமாகப் பார்த்தால் பாதி போகும் நேரத்தைச் சொல்லலாம் என்பதைக் காட்ட வேண்டும். குலுக்கிப் போடுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றது கடைசி பெஞ்ச். சட்டைப் பொத்தான் என்றாள் கொக்கி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் இருநூறு பொத்தான் எண்ணிக் கொண்டுவந்தாள். குழிப் பக்கம் மேலே விழுந்தால் சிதைந்தது, எடுத்துவிடு. ஒரு குலுக்கல் என்றால் எட்டு நாள்.

முதல் குலுக்கலில் நூறு போக வேண்டும். நூற்று நாற்பத்தாறு போனது. மறுபடி போட்டார்கள், நூற்று முப்பத்தெட்டு. அணுவுக்குக் கோளாறா, நமக்குக் கோளாறா என்று ஒருவன் கேட்க, வகுப்பு சிரித்தது. டீச்சர் ஒரு பொத்தானை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் குழிவு, மறு பக்கம் உருட்டு. ஒரே பக்கமாகத்தானே சாயும்.

"ரெண்டு பக்கமும் தட்டையா இருக்கற பொத்தான் வேணும்" என்றார்.

"இருக்கு டீச்சர். கோட்டுக்கு வெக்கறது. நகப்பாலிஷ் வெச்சு ஒரு பக்கம் புள்ளி போட்டுடலாம்."

மணி அடித்தது. வாசலில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. தரையெல்லாம் பொத்தான்.

"பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருக்கு டீச்சர். உங்க போர்ஷன் போன மாசமே முடிஞ்சதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"போர்ஷன் முடிஞ்சது சார். பாடம்தான் முடியல."

"அடுத்த பீரியட் கணக்கு வகுப்பு."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கே வரச் சொல்லிடறேன். உங்க நேரம் எதுவும் எடுக்கல."

அவர் ஒரு பொத்தானைப் பொறுக்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அனுமதியா, கண்டிப்பா என்று புரியவில்லை. டீச்சர் அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் எட்டு மணிக்கு முப்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். தட்டைப் பொத்தான்கள் சொன்னபடி கேட்டன. இருநூறு, தொண்ணூற்றெட்டாயிற்று, அடுத்த குலுக்கலில் ஐம்பத்தொன்று. பதினாறு நாளில் கால் பங்கு. கொக்கியின் பழைய கணக்கு அதுவே. இனி உடம்பைச் சேர்க்க வேண்டும். இயற்பியலாளரிடம் தொலைபேசியில் கேட்டு டீச்சர் ஒரு விதி வகுத்திருந்தார். இது புரிவதற்கான ஏற்பாடுதான், ஆளுக்கு ஆள் எண் மாறும் என்று மூன்று முறை சொல்லச் சொல்லியிருந்தார் இயற்பியலாளர். நான்கு பொத்தானைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டார்கள். கழுத்தில் தங்குவது அது. அதற்கு எட்டு நாள் விதி மட்டும். மற்ற நூற்றுத் தொண்ணூற்றாறும் பெரிய டப்பாவில். அதற்குத் தினமும் ஒரு குலுக்கல். புள்ளி விழுந்தது சிறுநீரில் போனது. மிச்சத்தில் பன்னிரண்டுக்கு ஒன்று அணுக் கணக்கில் போகும்.

மூன்றாம் நாளுக்குள் டப்பாவில் பதினெட்டுத்தான். எட்டாம் நாள் டப்பா காலி. கிண்ணத்து நான்கு இரண்டாகி, பதினாறாம் நாள் ஒன்றாயிற்று.

"அம்பது எங்க, ஒண்ணு எங்க" என்றாள் கொக்கி, தனக்குத்தானே.

அன்று சாயங்காலம் அவள் அந்தக் கிண்ணத்தையும் டப்பாவையும் வீட்டுக் கூடத்தில், தரையில் பரப்பினாள். டீச்சர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இன்று பேசுவதில்லை என்று தீர்மானித்து வந்திருந்தார். அத்தை வேண்டா வெறுப்பாகக் குந்தினார். குழந்தை கடையில் அப்பாவிடம் இருந்தது.

"அத்தை, நீயே குலுக்கு. நான் போட்டா ஏமாத்தறேன்னுவ."

அத்தை குலுக்கினார். புள்ளி விழுந்ததைப் பொறுக்கினார். இரண்டு நாள் கணக்குப் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்தாம் நாளில் கையை நிறுத்தினார்.

"இரு. இந்த வெளிய எடுத்து வெச்சதெல்லாம் எங்க போச்சு?"

"கழிவுத் தண்ணியில. ஆஸ்பத்திரி ரூம்லயே பாதிக்கு மேல போயிடுச்சு. வீட்டுக்கு வந்தப்ப கொஞ்சம்."

"அதுக்குத்தான் ரெண்டு தடவ தண்ணி ஊத்தச் சொன்னாங்களா?"

"அதுக்குத்தான்."

"துண்டு தனின்னாங்களே?"

"வேர்வையிலயும் எச்சில்லயும் கொஞ்சம் வரும். அதனாலதான் தட்டும் தனி."

குலுக்கல் பதினாறாம் நாள் வரை போனது. அத்தை கிண்ணத்தைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தார். "இந்த ஒண்ணு இன்னும் இருக்கே."

கொக்கி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைக்கவில்லை, சொல்லித் தரவும் இல்லை.

"இருக்கு" என்றாள் கொக்கி. "இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா பதினாலு நாள் தாண்டியாச்சு. இவ்வளவு குறைஞ்சா குழந்தை பக்கத்துல இருக்கலாம்னு அளந்து பார்த்துத்தான் ஆஸ்பத்திரி நாளைப் போட்டிருக்காங்க. இந்த ஒண்ணும் நாளுக்கு நாள் குறையும். நாமதான் அம்பது இருக்குன்னு பயந்தோம்."

அத்தை அந்த ஒற்றைப் பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன் மறிக்கப்போறேன்? ரெண்டு தடவ தண்ணி ஊத்துன்னா ஊத்தினேன். எதுக்குன்னு தெரியாம எத்தனை நாளைக்கு ஊத்தறது? தெரியாததுக்குத்தான் பயம்."

"உண்மைதான்" என்றார் டீச்சர். "எனக்கும் அன்னிக்குத் தெரியாது."

அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவரே மாடி ஏறினார். கதவைத் தட்டவில்லை, தள்ளித் திறந்தார். "போதும் எழுந்து வா. உன் சுவரைப் பார்த்தா ஜெயில் மாதிரி இருக்கு. நாளைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்" என்ற குரல் கீழே கேட்டது.

அம்மா மெலிந்திருந்தாள். கழுத்தில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. படிக்கட்டில் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். தையல்காரர் குழந்தையைத் தூக்கிவந்து இறக்கிவிட்டார். குழந்தை போகவில்லை. அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு, அரைக்கண்ணால் பார்த்தது. அத்தையின் முகம் விழுந்துவிட்டது. குற்றம் தன்னுடையது என்பதுபோல் குழந்தையின் விரல்களைப் பிரித்துவிடப் பார்த்தார்.

"வேணாம் அண்ணி, தானா வரட்டும்" என்றாள் அம்மா. "இவ்வளவு நாள் இருந்தேன். இதுக்கு மேலயா?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கு மேல் அங்கே இருப்பது நாகரிகமில்லை என்று பட்டது. மறுநாள் கொக்கி சொன்னாள்: ஒரு மணி நேரம் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்த பிறகு மடியில் ஏறியதாம், ஏறினதும் தூங்கிவிட்டதாம், கால் மரத்துப்போயும் அம்மா அசையவே இல்லையாம்.

விஷயம் அங்கே முடிந்திருக்கலாம். டீச்சர் விடவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகளில் எட்டுப் பேரை உட்காரவைத்து, ஆஸ்பத்திரியின் பதினேழு வரிப் பேப்பரைப் புதிதாக எழுதவைத்தார். ஒவ்வொரு 'செய்'க்கும் கீழே ஒரு 'ஏன்'. எழுதியதைக் கொண்டுபோய் இயற்பியலாளரிடம் கொடுத்தார். அவர் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார்: "ஆபத்தே இல்லை" என்று எழுதாதே, "இவ்வளவு குறைவு" என்று எழுது. இரண்டாம் முறையும் வந்தது. மூன்றாம் முறை, "இது டாக்டர் பேசற பேச்சு, உங்க அத்தை பேசற மாதிரி எழுது" என்று ஓரத்தில் குறித்திருந்தார். நான்காம் முறை ஒரு சொல்கூட அடிக்கவில்லை. அந்தத் தாள் இப்போது கீழ்த்தளத்தில், அந்த நாற்காலிகளுக்கு எதிரே ஒட்டியிருக்கிறது. வீட்டுக்குப் போகிறவர்கள் கையிலும் ஒன்று போகிறது. ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் கொக்கியின் அம்மாவுக்கு எதுவும் மிச்சமில்லை என்று வந்தது.

பொதுத்தேர்வில் அரை ஆயுட்காலம் பற்றி ஒரே ஒரு இரண்டு மார்க் கேள்விதான் வந்தது. கொக்கி அதற்கு ஒரு பக்கம் எழுதினாள். உடம்பு, பொத்தான், பாத்ரூம் எல்லாம். நேரம் போதாமல் ஐந்து மார்க் கேள்வி ஒன்று அப்படியே விடுபட்டது. "ரெண்டு மார்க்குக்கு ஒரு பக்கமா எழுதுவாங்க?" என்று டீச்சர் பள்ளி வாசலிலேயே வைத்துத் திட்டினார். திட்டிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்து மனதுக்குள் சிரித்துக்கொண்டே போனார்.

புது வருடம் தொடங்கியதும் அவர் முதல் மாதத்திலேயே நவீன இயற்பியலை எடுத்தார். தலைமையாசிரியர் கேட்டதற்கு, "கடைசியில வெச்சா கடைசி மாதிரியே நடத்திடறேன் சார்" என்றார். இரண்டாம் நாள் ஒரு பிள்ளை எழுந்து, சிவப்பு விளக்கு எவ்வளவு பெரிசா இருந்தாலும் உலோகத்துலேருந்து எலக்ட்ரானைத் தட்டியெடுக்க முடியல, சின்ன நீல விளக்கு எப்படி டீச்சர் எடுக்குது என்று கேட்டது. சூத்திரம் நாக்கு நுனியில் இருந்தது. எழுதினால் இரண்டு நிமிடம்.

"எனக்கு எழுதத் தெரியும். உனக்குப் புரியற மாதிரி இன்னும் சொல்லத் தெரியாது" என்றார் டீச்சர். "வியாழக்கிழமை வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள ரெண்டு விளக்கும், இருட்டுல மினுக்கற ஸ்டிக்கர் ஒண்ணும் யாராவது கொண்டு வாங்க. எந்த வெளிச்சம் பட்டா மினுக்குதுன்னு போட்டுப் பார்த்துடலாம்."